மேலே இருந்து பார்த்தால் இலை தெரியாது

செவ்வாய், பர்லிங்டன்

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்துக்கு, இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் இலை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரை எடுத்துக்கொண்டு ரூட் 100 என்ற நெடுஞ்சாலையில் வடக்கும் தெற்குமாகச் சுற்றுவார்கள். நாங்களும் காரில்தான் வந்திருக்கிறோம். ஆனால் முக்கிய வேலை வானத்தில். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஏறி, மலைக்காடுகளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் அடி மேலே சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே வந்து இறங்குவது. கூட வந்திருப்பவர் சித்தப்பா. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இலையைப் பார்க்க எதுக்கும்மா மேல போகணும்? மரத்தடியில நின்னு அண்ணாந்து பார்த்தா போதாதா?" என்று கிளம்பும்போதே கேட்டார். நியாயமான கேள்விதான். பறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

போனில் விமானியிடம் பேசியபோது அவர் முதலில் கேட்டது எங்கள் எடையை. பெயரெல்லாம் அப்புறம்தான். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் ஏறிவிடலாம் என்றில்லை. எரிபொருளையும் ஆட்களையும் கூட்டி, விமானம் தூக்கக்கூடிய எடைக்குள் வருகிறதா, அந்த எடை முன்னும் பின்னும் சரியாகப் பிரிந்து உட்காருகிறதா என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புவார்கள். சித்தப்பா தன் எடையில் ஐந்து கிலோவைக் குறைத்துச் சொல்லப் பார்த்தார். நான் விடவில்லை.

எங்கள் பயணத் திட்டமே ஒரு சட்டத்தை வைத்துப் போட்டது. விமான நிறுவனங்களுக்கான முழு உரிமம் இல்லாமல், பணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. கிளம்பிய நிலையத்திலிருந்து 25 மைலுக்குள்தான் சுற்ற வேண்டும், நடுவில் வேறெங்கும் இறங்கக் கூடாது. ஆகவே எந்த மலையைப் பார்க்க ஆசையோ, அதற்குப் பக்கத்து நிலையம்வரை நாம்தான் காரில் போய்ச் சேர வேண்டும்.

நாள் குறிப்பது இன்னும் சிரமம். நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்; மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கும் இறங்கும். வடக்கு வெர்மான்ட்டில் செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கி அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் உச்சம் வந்து போய்விடும். தெற்கே மாசசூசெட்ஸில் ஓக் மரங்கள் மாற அக்டோபர் கடைசி ஆகிவிடும். ஒரு வாரம் தவறினால் எல்லாம் போச்சு என்று பதற வேண்டாம், கொஞ்சம் தெற்கே நகர்ந்தால் போதும். ஆனால் பறப்பதற்கு நிறத்தோடு வானிலையும் ஒத்துவர வேண்டும். நாளைக் காலை காற்று குறைவாம். வியாழக்கிழமை மழையாம். பார்ப்போம்.

புதன், மோரிஸ்வில்

மோரிஸ்வில்–ஸ்டோவ் விமான நிலையம் ரூட் 100ஐ ஒட்டியே இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒரே ரேடியோ அலைவரிசையில், தான் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள். "போலீஸ்காரர் இல்லாத நாலு ரோடு ஜங்ஷன்" என்றார் சித்தப்பா. முகத்தில் கொஞ்சம் கவலை.

விமானம் செஸ்னா 172. 1956இலிருந்து தயாராகிவருவது, 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமான வகையும் இத்தனை தயாரானதில்லை. இலை பார்க்கிறவர்களுக்கு இதில் முக்கியமானது இறக்கை தலைக்கு மேலே இருப்பது. ஜன்னலுக்குக் கீழே எதுவும் மறைக்காது. இறக்கை கீழே இருக்கும் பைப்பர் செரோக்கி போன்ற விமானமும் நல்ல விமானம்தான், ஆனால் ஜன்னல் வழியே குனிந்தால் பாதி நேரம் வெள்ளைத் தகடுதான் தெரியும். முன்பதிவு செய்யும்போது மற்றதைக் கேட்கிறீர்களோ இல்லையோ, இறக்கை மேலேயா கீழேயா என்று கேட்டுவிடுங்கள்.

விமானி ஒரு பெண். கிளம்புமுன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குழாயில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கித் தெரிந்துவிடும். அந்தப் பெட்ரோல் இளநீலமாக இருந்தது. வகை மாறிப்போகாமல் இருக்க நீலச் சாயம் சேர்க்கிறார்கள். பிறகு எங்களுக்கு ஹெட்செட் மாட்டிவிட்டு, "ஏறும்போதும் இறங்கும்போதும் பேசாதீர்கள், நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வேறு விமானமோ பெரிய பறவையோ கண்ணில் பட்டால் மட்டும் எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்றார். சித்தப்பா முன்னால், நான் பின்னால்.

ஏறியதும் எனக்கு முதலில் ஏமாற்றம்தான். நேற்று சாலையோரத்தில் பார்த்த மேப்பிள் மரங்கள் உள்ளே விளக்கு ஏற்றி வைத்தது போல் ஜொலித்தன. மேலே இருந்து பார்த்தால் அந்த ஜொலிப்பு இல்லை. காரணம் எளிது. மரத்தடியில் நிற்கும்போது வெயில் இலைக்குப் பின்னாலிருந்து ஊடுருவி வருகிறது. மேலே போனால் இலையின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நமக்கு வருகிறது. நிறம் இருக்கிறது, ஒளி இல்லை. உச்சி வெயிலில் பறந்தால் அந்த நிறமும் தட்டையாகிவிடும் என்றார் விமானி. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மரத்துக்கும் நிழல் இருக்கும், காட்டுக்கு மேடு பள்ளம் தெரியும்.

ஒரு ஐந்து நிமிடம் போனதும் கண் பழகிவிட்டது. அப்புறம் பார்த்தது வேறு விஷயம்.

மேன்ஸ்ஃபீல்ட் மலை வெர்மான்ட்டிலேயே உயரமானது, 4,393 அடி. அதன் சரிவில் நிறங்கள் பட்டை பட்டையாக அடுக்கியிருந்தன. உச்சியில் பாறை, அதற்குக் கீழே ஸ்ப்ரூஸ், ஃபர் என்ற ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. அதையடுத்து பிர்ச் மரங்களின் மஞ்சள். அதற்கும் கீழே மேப்பிளும் பீச்சும் கலந்த ஆரஞ்சும் செம்பழுப்பும். பள்ளத்தாக்கின் தரையில் அங்கங்கே ஒழுங்கில்லாத ரத்தச் சிவப்புத் திட்டுகள். அவை சதுப்பு நிலங்கள். ஈரத்தில் காலை வைத்து நிற்கும் ரெட் மேப்பிள் மற்றவற்றுக்கு முன்னாடியே சிவந்துவிடும். தரையில் இந்த மரங்களுக்கு நடுவே நடந்திருந்தால் ஈரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்காது. மேலே இருந்து பார்த்தால் கோடு போட்டது போல் தெரிகிறது.

சித்தப்பா அதைவிட ஒரு படி மேலே போனார். காட்டுக்கு நடுவே கரும்பச்சையாக ஒரு சதுரத்தைக் காட்டி, "அது இயற்கை இல்லம்மா. நாலு பக்கமும் நேர்க்கோடு. யாரோ அளந்து வேலி போட்ட நிலம்" என்றார். விமானி ஆமாம் என்றார். வெர்மான்ட்டில் இன்றைக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. 19ஆம் நூற்றாண்டில் நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். கம்பளிக்காகச் செம்மறி வளர்க்கக் காட்டை வெட்டினார்கள்; 1840இல் இந்தச் சின்ன மாநிலத்தில் 16 லட்சத்துக்கும் மேல் செம்மறிகள் இருந்தன. பிறகு கம்பளி விலை விழுந்தது, மேற்கே நல்ல நிலம் கிடைத்தது, ஜனங்கள் போய்விட்டார்கள். கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைப் பைன் முதலில் வந்து நிரம்பும். சுற்றிலும் மேப்பிள் சிவக்கும் இந்தச் சில வாரங்களில், பச்சையாகவே நிற்கும் பைன் பழைய நிலத்தின் நாலெல்லையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஜூலையில் பறந்தால் எல்லாம் ஒரே பச்சை, ஒன்றும் தெரியாது.

அந்த நொடியிலிருந்து சித்தப்பா இலை பார்ப்பதை விட்டுவிட்டு நிலம் பார்க்க ஆரம்பித்தார். உண்மையில் நானும்தான்.

ஸ்மக்ளர்ஸ் நாட்ச் கணவாய்க்கு மேலே ஒரு சுற்று. 1807இல் அமெரிக்கா வெளிநாட்டு வணிகத்தைத் தடை செய்தபோது கனடாவுக்குச் சரக்குக் கடத்திய வழி இது, பெயரும் அதனால்தான். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போகிறது. விமானி முதலில் வலப்பக்கம் சாய்த்து ஒரு வட்டம், பிறகு இடப்பக்கம் சாய்த்து ஒரு வட்டம் போட்டார், இரண்டு பக்க ஜன்னலுக்கும் நியாயமாக. இந்த வட்டங்களில்தான் வயிறு புரளும். கேமரா வழியே பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம். தூரத்து அடிவானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் சரியாகிறது.

மேன்ஸ்ஃபீல்ட் மலையைக் கிழக்கிலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் மனித முகம் மாதிரி இருக்கும்; நெற்றி, மூக்கு, முகவாய் என்று சிகரங்களுக்கே அப்படித்தான் பெயர். நேர் மேலே வந்ததும் முகம் காணாமல் போய்விட்டது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒளிபரப்புக் கோபுரங்கள்.

வியாழன், ஸ்டோவ்

மழை. பறப்பது இல்லை. குளிர்ந்த காற்று முகப்பு ஒன்று கடந்து போகிறது. பாதி இலை இன்றைக்கே விழுந்துவிடுமோ என்று விடுதியில் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சும்மா இருக்கும் நேரத்தில் சித்தப்பாவுக்கு நிறக் கணக்கைச் சொன்னேன். மஞ்சளும் ஆரஞ்சும் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கின்றன. அவை கரோட்டினாய்டுகள். பச்சையம் அவற்றை மறைத்துக்கொண்டிருக்கும். பகல் சுருங்கியதும் மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது, அடியில் இருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்பு அப்படியில்லை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை மரம் இலையுதிர் காலத்தில்தான் புதிதாகச் செய்கிறது, இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு. இலைக்காம்பின் அடியில் ஓர் அடைப்பு வளர்ந்து சர்க்கரை வெளியேறும் வழி குறுகுகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று தொடர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். மேகமூட்டமாகவே போனால் அந்த வருடம் மஞ்சள்தான் அதிகம்.

"உதிரப் போற இலைக்கு எதுக்கு இவ்வளவு செலவு பண்ணுது?" என்று கேட்டார். விஞ்ஞானிகளும் இதைத்தான் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் இலையிலிருந்து சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை வெயிலிலிருந்து காக்கும் திரை என்பது ஒரு விளக்கம். பூச்சிகளை விரட்ட என்பது இன்னொன்று.

சாயங்காலம் ஒரு சுகர் ஹவுஸைப் பார்த்தோம். மேப்பிள் பாகு காய்ச்சுகிற கொட்டகை. காய்ச்சுவது வசந்தத்தின் தொடக்கத்தில், இப்போது அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. 40 கேலன் மரச்சாறு காய்ச்சினால் 1 கேலன் பாகு. நேற்று மேலே இருந்து பார்த்த கலப்பே இல்லாத ஆரஞ்சுத் தோப்பு எது என்று கேட்டேன். சுகர் மேப்பிளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துக்கொண்டே வந்த தோப்புகள் அப்படித் தெரியும் என்றார் கொட்டகைக்காரர்.

வெள்ளி, வாரன்

மழை விட்டுவிட்டது. வானம் கழுவி விட்டது மாதிரி இருக்கிறது. ஆனால் வடமேற்குக் காற்று பலமாக வீசுகிறது. இந்தப் பருவத்தின் தொல்லையே இதுதான். தூரத்து மலைகூடத் துல்லியமாகத் தெரியும் நாள்தான் விமானம் அதிகம் குலுங்கும் நாளும். மலை முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் கீழே விழுந்து சுருளும். எஞ்சின் விமானக்காரர்கள் அதற்குப் பயந்து இறங்கிவிடுகிறார்கள். கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டுகிறவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள், ஏனென்றால் அதே காற்று முகட்டுக்கு அப்பால் அலையாக எழுந்து அவர்களை எஞ்சின் இல்லாமலே தூக்கும்.

மேட் ரிவர் பள்ளத்தாக்கில் இருக்கும் வாரன்–ஷுகர்புஷ் நிலையத்தில் கிளைடர்கள்தான் பிரதானம். கிளைடரில் விமானியைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். சித்தப்பா போகட்டும் என்றேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன், ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டுவிட்டார்.

இழுவை விமானம் கயிறு கட்டி இழுத்துப் போய், 3,000 அடி வாக்கில் விட்டுவிட்டுத் திரும்பியது. நான் கீழே புல்லில் உட்கார்ந்து அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளை இறக்கை திரும்பும்போது மட்டும் பளிச்சென்று மின்னும், பிறகு காணோம். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினார், காது சிவந்திருந்தது. "எஞ்சின் சத்தம் இல்ல. ஹெட்செட் வேண்டாம். நானும் அந்தத் தம்பியும் சாதாரணமாப் பேசிக்கிட்டே வந்தோம்" என்றார். என்ன பேசினீர்கள் என்றால், இந்த ஊரில் ஆற்றின் போக்கு மாறினால் எல்லைக் கல்லை யார் நகர்த்துவது என்று பேசினார்களாம். இலை? "இலையா, நல்லா இருந்துச்சு."

இதைச் சொல்லியே ஆக வேண்டும். இலைக் காட்சிக்காக மட்டும் வருகிறவர்களுக்குக் கிளைடரைவிட எஞ்சின் விமானம்தான் நல்லது. கிளைடர் காற்று கிடைக்கும் இடத்துக்குத்தான் போகும், நாம் பார்க்க நினைக்கும் இடத்துக்கு அல்ல.

சனி, ஒயிட்ஃபீல்ட், நியூ ஹாம்ப்ஷயர்

நேற்று மாலை கனெக்டிகட் ஆற்றைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயருக்குள் வந்துவிட்டோம். அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. அதையொட்டிய சனி, ஞாயிறில் கூட்டம் தாங்காது. விடுதிக்காரர் சொன்னபடி ஆறு மாதத்துக்கு முன்பே அறை போட்டிருந்ததால் பிழைத்தோம்.

காலை ஏழு மணிக்கு நிலையத்துக்குப் போனால் விமானத்தின் மேல் முழுக்க உறைபனி, உப்புத்தாள் ஒட்டியது போல் மெல்லிய படலம். "இவ்வளவுதானே, பறந்தா காத்துல போயிடாதா?" என்று சித்தப்பா கேட்டார். போகாது. இறக்கையின் மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் காற்று ஒட்டி ஓடும். இந்தச் சொரசொரப்பு, விமானத்தைத் தூக்கும் விசையை 30 சதவீதம்வரை குறைத்துவிடும். எடை கூடுவதால் அல்ல, காற்று சீக்கிரமே இறக்கையை விட்டுப் பிரிந்துவிடுவதால். விமானி இறக்கையை வெயில் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் வீண் என்று முகம் சுளித்த வேறு இரண்டு பயணிகளுக்கு அவர் பதிலே சொல்லவில்லை. இப்படிப்பட்ட விமானியோடு நான் எங்கே வேண்டுமானாலும் போவேன்.

ஒன்பதுக்குக் கிளம்பினோம். குளிர்காற்று அடர்த்தியானது, அதனால் விமானம் மோரிஸ்வில்லில் ஏறியதைவிடச் சுறுசுறுப்பாக ஏறியது. தெற்கே ஃபிரான்கோனியா நாட்ச். இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே நெடுஞ்சாலை 93 சுருங்கி, போக ஒரு தடம் வர ஒரு தடம் என்று ஆகிவிடும் இடம். மேலே இருந்து பார்த்தால் தெற்கிலிருந்து வரும் தடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள், அசையவே இல்லை. அதற்குள் இருக்கிற அத்தனை பேரும் இலை பார்க்க வந்தவர்கள். சித்தப்பா சிரித்தேவிட்டார்.

இந்தக் கணவாயின் பாறையில்தான் 'ஓல்ட் மேன் ஆஃப் த மவுண்டன்' இருந்தது. கருங்கல் பாறையின் விளிம்புகள் சேர்ந்து ஒரு கிழவரின் பக்கவாட்டு முகமாகத் தெரிந்த இடம். மாநிலச் சின்னமே அதுதான், 2000இல் வந்த கால் டாலர் நாணயத்திலும் அந்த முகம் இருக்கிறது. 2003 மே 3 அன்று இடிந்து விழுந்துவிட்டது. தண்ணீர் விரிசலுக்குள் புகுந்து உறைவதும் உருகுவதுமாகப் பல காலம் செய்த வேலை. பல ஆண்டுகள் இரும்புக் கம்பியும், முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் போட்டு இழுத்துக் கட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. இப்போது வெறும் பாறை. கீழே பிர்ச் மரங்களின் மஞ்சள், ப்ரொஃபைல் ஏரியில் அதன் பிரதிபலிப்பு.

அடுத்தது வாஷிங்டன் மலை, 6,288 அடி. வடகிழக்கு அமெரிக்காவிலேயே உயரம். 1934 ஏப்ரல் 12 அன்று உச்சியில் இருந்தவர்கள் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்றை அளந்திருக்கிறார்கள். சுமார் 4,500 அடிக்கு மேல் மரமே கிடையாது. இன்று உச்சி வெள்ளை. அது பனிப்பொழிவு மட்டும் இல்லை, மேகத்தின் நீர்த்துளிகள் பாறையில் பட்டதும் உறைந்த ரைம். வெள்ளைக்குக் கீழே கரும்பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அடியில் ஆரஞ்சு. மேற்குச் சரிவில் 1869இலிருந்து ஓடும் பல்சக்கர ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது.

மலையைச் சுற்றி மறுபக்கம் போவது திட்டம். முகட்டை நெருங்கும்போது விமானம் ஒரு முறை திடீரென்று கீழே விழுந்து தூக்கியது. என் கேமரா மடியை விட்டு எழும்பித் திரும்ப விழுந்தது. நேற்றைய காற்று உச்சியில் இன்னும் அடங்கவில்லை. விமானி முகட்டை நேராக அணுகவில்லை, சாய்கோணத்தில்தான் போனார். திரும்ப வேண்டி வந்தால் பாதி திரும்பினாலே போதும் என்பதற்காக. இரண்டாம் முறை ஆட்டம் வந்ததும் அந்தச் சாய்கோணம் பயன்பட்டது. "மறுபக்கம் இன்று இல்லை" என்று சொல்லிவிட்டு மேற்கே திருப்பிவிட்டார். பின் இருக்கையில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். முன் இருக்கையில் சித்தப்பா, மறுபக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிறு, ஆரஞ்ச், மாசசூசெட்ஸ்

தெற்கே வந்தாயிற்று. விடிகாலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. இரவு குளிரில் ஆற்றங்கரை ஈரம் உறையாமல் மேகமாகத் தரையில் படிந்துவிடுகிறது. வெயில் ஏறி அது கலைய பத்து மணி ஆகும். காத்திருக்கும் நேரத்தில், படம் எடுக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டால் படத்தில் பாதி ஜன்னலில் தெரியும் நம் சட்டைதான். லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி வேண்டாம், பிளாஸ்டிக் ஜன்னல் வழியே அது வானவில் கோடுகளை வரவழைக்கும். முழங்கையையோ லென்ஸையோ விமானத்தின் உடலில் சாய்க்காதீர்கள், எஞ்சின் அதிர்வு கேமராவுக்குள் வந்துவிடும். ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட வேகமாக வைத்தால் போதும். சில செஸ்னாக்களில் பக்க ஜன்னல் திறக்கும், கேட்டுப் பாருங்கள். திறந்தால் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று: மேலே இருக்கும் நேரத்தில் பாதியாவது கேமராவை மடியில் வையுங்கள்.

பத்தரைக்குப் பறந்தோம். இங்கே மலைகள் தணிந்துவிட்டன. ஓக் காடு இன்னும் பச்சைதான், ஓரங்களில் மட்டும் செம்பு நிறம் ஏறியிருக்கிறது. சதுப்புகளில் ரெட் மேப்பிள் சிவப்பு. நிறத்துக்காக இங்கே வருகிறவர்கள் இன்னும் இரண்டு வாரம் கழித்து வர வேண்டும். நாங்கள் வந்தது க்வாபின் நீர்த்தேக்கத்துக்காக.

பாஸ்டனுக்குக் குடிநீர் தேவைப்பட்டது. ஸ்விஃப்ட் ஆற்றின் பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்ப முடிவு செய்தார்கள். டேனா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமல் போயின. சுமார் 2,500 பேரை வெளியேற்றினார்கள். 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி இடம் மாற்றினார்கள். வீடுகளை இடித்து, மரங்களை வெட்டி, பள்ளத்தாக்கைச் சுத்தமாக்கிவிட்டுத் தண்ணீரை விட்டார்கள். நிரம்ப 1946 ஆயிற்று. பழைய குன்றுகளின் தலைகள் இன்று தீவுகள்.

மேலே இருந்து பார்த்தால் பழைய சாலைகள் தெரிகின்றன. இருபக்கமும் மரம் வைத்த நேரான சாலை காட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்து, அப்படியே தண்ணீருக்குள் போய்விடுகிறது. காடு முழுவதும் பச்சையாக இருந்தால்கூடச் சாலையோரத்து மேப்பிள் வரிசை மட்டும் ஆரஞ்சாக மாறி அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கிறது. சித்தப்பா விமானியிடம் ஒன்றுமே பேசவில்லை. பாக்கெட்டிலிருந்த விடுதி ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு கோடாக வரைந்துகொண்டே வந்தார். இறங்கியதும் காட்டினார். கரையின் வடிவம், தண்ணீருக்குள் போகும் சாலைகள், அவை எங்கே சந்தித்திருக்கும் என்று புள்ளிக்கோட்டில் ஓர் ஊகம்.

திங்கள், டேனா

நான்கு ஊர்களில் டேனாவின் நடுப்பகுதி மட்டும் மூழ்காத உயரத்தில் இருக்கிறது. பீட்டர்ஷாமுக்குப் பக்கத்தில் 40ஆம் எண் வாசலில் காரை நிறுத்திவிட்டு, பழைய தார்ச்சாலையில் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நடக்க வேண்டும். நாய்க்கு அனுமதி இல்லை. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் நாயோடு திரும்பிப் போனது.

வழி நெடுக மேப்பிள்கள், வெயிலுக்கு எதிர்ப்பக்கம். மேலே கிடைக்காத ஜொலிப்பு இங்கே கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டு எது உசத்தி என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நிறம் வேண்டும் என்றால் தரை; நிலம் எப்படிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் வானம். ஒரே ஒரு முறைதான் பறக்க முடியும் என்றால் மேன்ஸ்ஃபீல்டைச் சுற்றி, காலையில், காற்றில்லாத நாளில்.

ஊரின் பொது மைதானத்தில் 1801–1938 என்று பொறித்த கல். சுற்றிலும் வீடுகளின் அடித்தளக் குழிகள், குழிக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அங்கே என்ன இருந்தது என்று சிறு பலகை. சித்தப்பா ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கல்சுவரின் நீளத்தைக் காலால் அளந்தார். திரும்பி வந்து இன்னொரு முறை அளந்தார். பிறகு தெற்கே போகும் சாலையைக் காட்டி, "நேத்து பார்த்த ரெண்டாவது ரோடு இதுதான். நான் போட்ட சந்திப்பு தப்பு, இன்னும் கிழக்க இருக்கணும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "சுவர் எங்க திரும்புதுன்னு பாரும்மா."

எங்கள் விமானம் பாஸ்டனிலிருந்து இரவுதான். பெல்ச்சர்டவுனில் அணைக்குப் பக்கத்தில் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறதாம். மூழ்குவதற்கு முந்தைய ஊர் வரைபடத்தை அங்கே கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். விடுமுறை நாள், திறந்திருக்குமா தெரியாது. இருந்தாலும் அந்த வழியாகத்தான் போகிறோம்.